இரண்டு ஏஸும் இருபது டாலரும்

ரீனோ, நெவாடா
1961 பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. விவாகரத்து வேண்டுமென்றால் ஆறு வாரம் இங்கேயே குடியிருக்க வேண்டும், நெவாடா எல்லையைத் தாண்டக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மார்ச் 16, வியாழக்கிழமை, நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா கோர்ட்டுக்கு வந்து, இவளைத் தினமும் என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்வார். அப்புறம் பத்து நிமிஷத்தில் கல்யாணம் ரத்து. எச்செவெரி அம்மா என்று பெயர், ஸ்பெயின் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் குடும்பம். காலையில் காபி கொடுக்கும்போது என் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு நாட்காட்டியில் ஒரு கோடு போடுகிறார். எனக்கு முன்னால் பதினோரு பெண்களுக்கு இப்படிக் கோடு போட்டுக் கொடுத்தாராம்.

வேலை கிடைத்துவிட்டது. சூதாட்டக் கிளப்பில் இருபத்தொன்று என்கிற சீட்டாட்ட மேசையில் சீட்டுப் போடுகிறேன். இந்த ஊரில் அது பெண்கள் வேலை. நம் சான் ஆஞ்சலோவில் நீங்கள் சீட்டாடுகிற சிம்ஸ் கடைப் பின்னறைக்குள் ஒரு பெண் தலையை நீட்டினாலே ஏதோ பாம்பு வந்த மாதிரி பார்ப்பீர்கள்.

ரோஸ்கோவை விட்டு வந்தது கிணறு தோண்டும் போர் லாரிக்காக என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். லாரி போனால் போகட்டும், இரும்புதானே. கிணறு தோண்டிப் பிழைக்கிறவன் வேறு லாரிக்கு வழி தேடுவான். ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதைப் பட்டறைக்கார ஹப்பர்டிடம் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். "என்னதான் நடந்துச்சு, சொல்லேன்" என்று கேட்டேன். "நான் தப்பா ஆடிட்டேன், நெல்டா" என்றான். மூன்று வாரம் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், கத்திக் கேட்டேன், ஒரு நாள் தட்டை எறிந்து கேட்டேன். அதே நாலு வார்த்தைதான். ஒரு தரம் மட்டும், "உங்க அண்ணன் அந்தக் கையில இல்லை" என்று சேர்த்துச் சொன்னான், அந்தச் சுற்றில் நீ ஆடவில்லை என்று. வாயைத் திறக்காத ஆளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அது முடியாமல்தான் வந்தேன்.

நீ அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாய். அந்தக் கை எப்படிப் போயிற்று என்று ஆரம்பத்திலிருந்து எழுது. நீதிபதி இதையெல்லாம் கேட்கமாட்டார். எனக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தை முடிக்கிறேன், எதற்கு முடிக்கிறேன் என்றாவது தெரிய வேண்டாமா?

எச்செவெரி அம்மாவுக்கு நம் ஊர் ஆட்டத்தை விளக்கினேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. எல்லாம் கேட்டுவிட்டு, "இரண்டே சீட்டைப் பார்த்தா லாரியை வைத்தான்?" என்றார்.

உன் தங்கை
நெல்டா


சான் ஆஞ்சலோ, டெக்சஸ்
பிப்ரவரி 11

அன்புள்ள நெல்டா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக உறைமழை. கம்பளிக் கிடங்கில் வேலை கம்மி. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போன வருஷத்து மூட்டைகளுக்குத் தரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பீன்ஸும் சோள ரொட்டியும் நானே ஆக்கிக்கொள்கிறேன். நீ இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லை, அது ஒன்றுதான் குறை.

உன் முடிவு சரி. இதை உன் அண்ணனாக அழுத்தி எழுதுகிறேன். ரோஸ்கோ நல்லவன்தான், யார் இல்லையென்றது? ஆனால் சீட்டு விஷயத்தில் அவனுக்குக் கண் அவிந்துபோகும். இன்றைக்கு லாரி, நாளைக்கு வீட்டுக் கூரை. நீ இன்னும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தாராளமாக இன்னொரு வாழ்க்கை இருக்கிறது.

கை எப்படிப் போயிற்று என்று கேட்டாய். சொல்கிறேன், நீயே தலையில் அடித்துக்கொள்வாய். நான் முதல் ஆள், இருபது டாலர் போட்டு உள்ளே வந்தேன். எனக்கு அடுத்து ரோஸ்கோ, அவனும் இருபது. மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். கடைசி ஆள் ஹப்பர்ட். அந்தச் சுற்றுக்குக் கட்டாயக் காசு ஏற்கனவே வைத்திருந்ததால் அவனுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் நடுச்சீட்டைப் பார்க்க முடிந்தது. விழுந்தது ராணி, ஏழு, நாலு. ஹப்பர்ட் மேசையைத் தட்டி, பந்தயம் வேண்டாம் என்று விட்டான், நானும் தட்டினேன். ரோஸ்கோ இருநூறு வைத்தான். ஹப்பர்ட் ஆயிரம் என்றான். நான் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன், அதோடு என் வேலை முடிந்தது. உன் வீட்டுக்காரன் இருந்த காசையெல்லாம் தள்ளிவிட்டு, போதாததற்கு லாரிப் பத்திரத்தையும் எடுத்து வைத்தான். திறந்து பார்த்தால் அவனிடம் ராஜாவும் ராணியும், அதாவது ஒரு ஜோடி ராணி. ஹப்பர்டிடம் ஏழும் நாலும், இரண்டு ஜோடி. மிச்ச இரண்டு சீட்டும் யாருக்கும் உதவவில்லை. கதை அவ்வளவுதான். ஒரே ஒரு ஜோடிக்கு லாரி.

காசு கட்டிப் பார்க்காத சீட்டைக் கேட்பது நம்மிடையே மரியாதை கிடையாது. இருந்தாலும் தங்கச்சிக்கு மறைக்க என்ன இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு ஜோடி ஐந்து. குப்பை.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்
ஓடெல்


ரீனோ
பிப்ரவரி 17

அண்ணா,

சாக்ஸ் வந்தது. நன்றி.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதலில், நீ அந்தக் கையில் இல்லை என்றான் ரோஸ்கோ. நீ இருந்திருக்கிறாய். அவன் ஏன் எனக்குப் பொய் சொன்னான்? அடுத்து, உன்னிடம் என்ன சீட்டு இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்பது மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டு நீயாகவே சொல்கிறாய்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான். மழை நாளில் சமையலறை மேசையில் பீன்ஸ் கொட்டையைக் காசாக வைத்து எத்தனை ஆயிரம் கை ஆடியிருப்போம். முதல் இடம் எப்படிப்பட்டது என்று எனக்குச் சொன்னவனே நீதான். பின்னால் இத்தனை பேர் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல் காசை வைக்க வேண்டிய இடம். "அந்த எடத்துல பத்துக் கைதான் நான் ஆடுவேன், நெல்டா. அந்தப் பத்துக்கும் பந்தயத்தை ஏத்திடுவேன். மத்ததெல்லாம் குப்பைத் தொட்டி" என்பாய். சின்ன ஜோடியை முதல் இடத்தில் நீ ஆடி நான் பார்த்ததே இல்லை. பீன்ஸ் கொட்டைக்குக்கூட ஆடமாட்டாய். இருபது டாலருக்கு ஆடினாயா?

முதல் இடத்தில் நீ காசு போட்டாய் என்றால் கையில் பெரிய சீட்டு. ஏற்றவில்லை என்றால் பெரிய சீட்டு இல்லை. இரண்டும் சேர்ந்து எப்படி வரும்? இங்கே நின்றுகொண்டு இருபத்தொன்று போடும்போதெல்லாம் இதையே யோசிக்கிறேன். நேற்று ஒருவனுக்கு ஒரு சீட்டுக் கூடப் போட்டு, மேற்பார்வைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு பதில்தான் கிடைக்கிறது. பெரிய சீட்டை வைத்துக்கொண்டு, சின்ன சீட்டுக்காரன் மாதிரி நீ உட்கார்ந்திருந்தாய்.

என்ன இருந்தது உன்னிடம்? இப்போது கேட்கிறேன். மரியாதை இல்லைதான், கேட்கிறேன்.

நெல்டா


சான் ஆஞ்சலோ
பிப்ரவரி 24

நெல்டா,

ஒரு வாரம் உனக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அங்கே போய் மூன்று வாரம் சீட்டுப் போட்டதும் எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டாயா? இருபது வருஷமாக இந்த மாவட்டத்தில் எந்த மேசையிலும், ஓடெல் வருகிறான் என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ஒருவனும் என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

சரி. இரண்டு ஏஸ், இருப்பதிலேயே பெரிய ஜோடி. போதுமா?

இப்போது என்னவெல்லாம் நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் காரணத்தையும் கேட்டுக்கொள். நான் ஏற்றாமல் விட்டது ரோஸ்கோவுக்காக. அவனுக்கு அந்த மாதம் தோண்டிய இரண்டு கிணறும் காய்ந்துபோயிற்று, கையில் காசு மட்டு. என் தங்கை வீட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு ஏஸை வைத்து அவனை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மெதுவாகப் போவோம், அவன் கொஞ்சம் சீட்டைப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஹப்பர்ட் ஏழும் நாலுமாக வந்து குறுக்கே விழுவான் என்று கனவா கண்டேன்? இரக்கப்பட்டது தப்பு என்றால் தப்புதான்.

அவன் ஏன் நான் இல்லை என்று சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. இப்போது அவன் ஹப்பர்டிடம் சம்பளத்துக்கு இருக்கிறான், அதே லாரியை ஓட்டிக்கொண்டு. தெருவில் பார்த்தால் கையை உயர்த்துகிறான். நானும் உயர்த்துகிறேன்.

இதை இத்தோடு விடு. கோர்ட்டை முடித்துக்கொண்டு வா. பேசிக்கொள்ளலாம்.

ஓடெல்


ரீனோ
மார்ச் 1

அண்ணா,

இரக்கமா?

அந்தக் கையை நான் எச்செவெரி அம்மாவின் சாப்பாட்டு மேசையில் சீட்டை எடுத்து வைத்து ஆடிப் பார்த்தேன். உன் இடம், ரோஸ்கோ இடம், ஹப்பர்ட் இடம். நீ எப்போதும் ஆடுகிற மாதிரி, முதலிலேயே நூற்றைம்பதுக்கு ஏற்றியிருந்தால் என்ன ஆகும்? ஏழையும் நாலையும் வைத்துக்கொண்டு ஹப்பர்ட் நூற்றைம்பது கட்டுவானா? தூக்கி எறிந்திருப்பான். ரோஸ்கோவும், ஓடெல் ஏற்றிவிட்டான், அவனிடம் பெரிசு இருக்கிறது, நமக்கு வேண்டாம் என்று விலகியிருப்பான். இருபது டாலர்கூட அவனுக்கு நஷ்டம் வந்திருக்காது. ஏஸ் இரண்டும் வந்தால் ஏற்ற வேண்டியது எதற்கு? காசுக்கு மட்டுமா? கண்ட சீட்டுக்காரனும் சும்மா உள்ளே வந்து உட்காராமல் இருக்கத்தானே. இரக்கம் இருக்கிறவன் ஏற்றியிருப்பான், அண்ணா. நீ கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒளிந்து நின்றாய். யாருக்காக? உனக்கு அடுத்த நாற்காலியில் யார் இருந்தது?

நடுச்சீட்டு விழுந்த பிறகாவது காசு வைத்தாயா? அப்போதும் தட்டிவிட்டாய். ரோஸ்கோ இருநூறு வைக்கட்டும் என்று காத்திருந்தாய். ஹப்பர்ட் ஆயிரம் என்றதும், ஏஸ் ஜோடியையும் அடிக்கிற சீட்டு அவனிடம் இருக்கிறது என்று உனக்குப் புரிந்துவிட்டது. ஏஸ் இரண்டையும் கவிழ்த்துவிட்டு நீ தப்பித்தாய். அந்தக் கவிழ்ப்பு நல்ல ஆட்டம், நான் ஒத்துக்கொள்கிறேன். என்னால் அது முடிந்திருக்காது.

ஒருவன் கை நடக்கும்போது மற்றவன் வாய் பேசக்கூடாது, தெரியும். அன்று நீ ரோஸ்கோவுக்கு ஜாடை காட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காட்டியிருந்தால் அது வேறு கேவலம். ஆனால் கை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நான் மூன்று வாரம் வீட்டில் அவனிடம் கத்திக்கொண்டிருந்தபோது நீ ஞாயிறுதோறும் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் பெட்டி கட்டும்போது பெல்ட்டை இழுத்துப் பூட்டிக் கொடுத்தாய். அப்புறம் "உன் முடிவு சரி" என்று எழுதினாய்.

நானே ரோஸ்கோவுக்கு எழுதலாம். எழுதமாட்டேன். நீ போய்ச் சொல். ஞாயிற்றுக்கிழமை, அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், என்னிடம் இரண்டு ஏஸ் இருந்தது, மறைத்து வைத்தேன் என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது. எனக்கு மார்ச் 16 வரைக்கும் நேரம் இருக்கிறது. எதுவும் வரவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போவேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குப் பிறகு டெக்சஸ் பக்கம் வரமாட்டேன்.

நெல்டா


சான் ஆஞ்சலோ
மார்ச் 6

நெல்டா,

நேற்று போனேன். சொல்லத்தான் போனேன். சிம்ஸ், "வாய்யா, உனக்குத்தான் காத்திருக்கோம்" என்று நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் ஆடினேன். ஒரு தரம் இரண்டு ராஜா வந்தது, எல்லோரும் பார்க்க ஏற்றினேன், எல்லோரும் கவிழ்த்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டுத் திட்டாதே. திட்டினாலும் சரிதான்.

ஓடெல்


சான் ஆஞ்சலோ
மார்ச் 12, ஞாயிறு

நெல்டா,

இதை விமானத் தபாலில் போடுகிறேன். புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று வழியில் பார்த்த தபால்காரர் சொன்னார். சத்தியம் செய்யச் சொன்னேன், செய்யமாட்டேன் என்றார்.

மத்தியானம் ஒன்றரைக்குப் போனேன். ரோஸ்கோ முன்னறையில் கிழவர்களோடு டாமினோ ஆடிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் பின்னறைக்கு அவன் வருவதில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்தே கிடக்கும், உனக்குத் தெரியும். நான் உள்ளே போய் உட்காராமல் நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"ஒரு சுத்து ஆடிட்டு சொல்லு" என்றான் ஹப்பர்ட்.

"ஆடினா சொல்லமாட்டேன். ஜனவரி எட்டாம் தேதி, ஹப்பர்ட் லாரிய ஜெயிச்ச கை. அதுல என்கிட்ட ரெண்டு ஏஸ் இருந்துச்சு. வேணும்னே ஏத்தாம உட்கார்ந்திருந்தேன்."

ஹப்பர்ட் கலைத்துக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான் பார், கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தான்.

"ரெண்டு ஏஸை வெச்சுக்கிட்டு, ஏழு நாலுக்காரனை ஓசியில உள்ள விட்டியா? நீயா? அட ஓடெலு, உனக்கு நான் வருஷம் பூரா சாப்பாடு போடணும்யா."

சிம்ஸ் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன்யா இப்படி நிக்கிற? ஏத்தணும்னு சட்டமா இருக்கு? மோசமா ஆடிட்டே, அவ்வளவுதான். ஒக்காரு" என்றான்.

யாருக்கும் ஒன்றுமே இல்லை, நெல்டா. எவனாவது எழுந்து ஒரு அறை விடுவான் என்று பயந்துகொண்டு ஒன்பது வாரம் இருந்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்களுக்கு அது ஒரு நல்ல தமாஷ். அடுத்த வாரம் மாவட்டம் பூராவும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

முன்னறைக்கு வந்தேன். டாமினோ சத்தம் நின்றிருந்தது. ரோஸ்கோ எழுந்து வெளியே போனான், நானும் பின்னாலேயே போனேன். லாரி அங்கேதான் நின்றது, கதவில் ஹப்பர்ட் பெயர் புதுசாக எழுதி.

"கேட்டுச்சா, மாப்ளே?"

"கேட்டுச்சு, மச்சான்."

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கு வீட்டுக்கு நடந்து போற வழியிலயே தெரிஞ்சுபோச்சு. ஹப்பர்ட் ஆயிரம்னு சொன்னப்ப நீ உன் சீட்டை ரெண்டாவது தடவை எடுத்துப் பார்த்தே. அப்புறம் ரொம்ப மெதுவா கவுத்தே. குப்பைச் சீட்டை எவனாவது அப்படி வழியனுப்பி வெப்பானா?"

"அப்புறம் ஏன்டா லாரிய வெச்சே?"

"அப்ப என் ராணி மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நடந்து போகும்போதுதான் மத்ததெல்லாம் தெரிஞ்சுது. ஓடெல் ஏத்தலைன்னா பெரிசு இல்லைன்னு நம்பித்தான் நான் உள்ளயே வந்தேன்."

"அவகிட்ட ஏன் சொல்லலை? அவ கேட்டாளே."

அவன் லாரிக் கதவில் சாய்ந்தான். "என்னன்னு சொல்றது? காசைத் தள்ளினது நான், பத்திரத்தை எடுத்து வெச்சது நான். உன் கையப் பத்தி வாயத் தொறந்தா, தோத்தவன் அடுத்தவன் சீட்டைச் சொல்லி அழுதுக்கிட்டு வர்றான்னு ஆகும். சரி, அதுகூடப் பரவாயில்லை, அவகிட்டதானே. ஆனா அவளுக்குன்னு கூடப்பொறந்தது நீ ஒருத்தன். லாரியையும் தொலைச்சிட்டு, அண்ணனையும் தொலைச்சுக் குடுத்துட்டு, அந்த வீட்ல நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒக்கார்றது?"

சொல்லிவிட்டு அவன் லாரியில் ஏறிக்கொண்டான்.

உனக்கு எழுதியதில் நான் இரக்கம் என்று சொன்னது பொய். நீ கண்டுபிடித்துவிட்டாய், இருந்தாலும் நானே சொல்கிறேன். அந்தக் குளிர்காலம் பூராவும் எனக்கு இரண்டு ஏஸ் நாலு தரம் வந்தது. நாலு தரமும் ஒழுங்காக ஏற்றினேன். நாலு தரமும் மேசையில் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். அத்தனை பெரிய சீட்டுக்குக் கட்டாயக் காசு மட்டும், முப்பது டாலர். சரியாக ஆடினால் அப்படித்தான் வரும், இருபது வருஷமாக எனக்குத் தெரியும். அன்று ஐந்தாவது தரம் வந்தபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. ஒரே ஒரு தரம் இந்தச் சீட்டுக்கு உண்டான கூலியை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பக்கத்தில் இருப்பது ரோஸ்கோ, நான் ஏற்றாவிட்டால் அவன் நம்பி வருவான் என்று தெரியும். வரட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் காசை எடுத்துக்கொண்டு, அதில் பாதியை அப்புறம் உன்னிடம் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதை அந்த ஒரு நிமிஷத்திலேயே நினைத்தேன் பார்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறாயோ, எனக்குத் தெரியாது. எது செய்தாலும் ஒரு வரி எழுது.

ஓடெல்


ரீனோ
மார்ச் 16

அண்ணா,

உன் கடிதம் நேற்று சாயந்தரம் வந்தது.

இன்று காலை எச்செவெரி அம்மா கோர்ட்டுக்குப் போக நல்ல உடுப்பும் இறகு வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். போகவில்லை என்று சொன்னேன். "நாப்பது நாளா உன் மூஞ்சியப் பார்த்துக் கோடு போட்டிருக்கேன், எல்லாம் தண்டமா?" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு முட்டை பொரித்துக் கொடுத்தார். பன்னிரண்டு பேரில் திரும்பிப் போகிற முதல் ஆள் நான்தானாம்.

ஹப்பர்ட் பட்டறைக்குப் போன் போட்டு ரோஸ்கோவைக் கூப்பிடச் சொன்னேன். மூன்று நிமிஷத்துக்குத்தான் காசு போட்டேன். இரண்டு நிமிஷம் அவனைத் திட்டினேன். உனக்கு அண்ணன் வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்காமல் நீயே எப்படி முடிவு பண்ணினாய், நான் என்ன உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிற காசா என்று கேட்டேன். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். "இப்பவும் வாயத் தொறக்கலைன்னா போனை வெச்சிருவேன்" என்றேன். அப்புறம் பேசினான். மிச்ச ஒரு நிமிஷம் முழுக்க அவன்தான் பேசினான். என்ன பேசினான் என்று உனக்கு எழுதமாட்டேன். அவனிடம் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை வீட்டில் வைத்துத் தீர்த்துக்கொள்வோம்.

நீ அந்த அறையில் போய் நின்று சொன்னாய். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன் பெயரைத் தவிர உன்னிடம் வேறு என்ன இருந்தது, அதையும் அவர்கள் சிரிப்புக்குக் கொடுத்தாய். ஏஸை மறைத்து வைத்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். நாலு தரம் முப்பது டாலர் வாங்கினவனுக்கு ஐந்தாவது தரம் ஆசை வரும். எனக்கும் வரும்.

ஆனால் பிப்ரவரி 11-ஆம் தேதி நீ எனக்குக் கடிதம் எழுதினாய். அப்போது உன் முன்னால் மேசை இல்லை, ஹப்பர்ட் இல்லை, சீட்டும் இல்லை. அவசரமும் இல்லை. நான் ஒருத்திதான் இருந்தேன். நன்றாக யோசித்து, என் புருஷனை விட்டுவிடச் சொல்லி எழுதினாய், உன் சீட்டு வெளியே தெரியாமல் இருப்பதற்காக. அதை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எதுவும் வரமாட்டேன் என்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளைக்குக் கிளம்புகிறேன். பஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே வரும். ரோஸ்கோ வந்து நிற்பான். நீ வராதே, அண்ணா. சாப்பாட்டுக்கும் வராதே. நானே கூப்பிடுகிறேன். எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

நெல்டா